பிச்சிக்காட்டில் எண்பது வோல்ட்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒன்றே ஒன்றுதான். என் தம்பி முத்துமணியின் மனைவி பொன்செல்வி. கல்யாணமாகி வந்த புதிதில், நான் ஆசையாக வைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கூடிப் போச்சு மயினி, ஆனா சாப்பிட்டிரலாம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள். அப்படிப்பட்டவளை இந்த வருஷம் சொந்தபந்தமும் ஊரும் ஒரு கம்பெனியும் சேர்ந்து பொய்க்காரி ஆக்கினார்கள். பொய்க்காரி என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேய் பிடித்தவள் என்றார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் உறுதி கொடுக்க முடியாது.

என் பெயர் நிர்மலாதேவி. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'யூனிட் டீச்சர்'. விடையில் எண்ணை எழுதிவிட்டு அலகை எழுதாமல் விட்டால் அரை மார்க் குறைப்பேன். பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். "அந்த அரை மார்க்குல என்ன டீச்சர் வந்திரப் போவுது" என்பார்கள். என்ன வந்துவிடும் என்பதை இந்த ஆடி மாதம் அவர்கள் எல்லாரையும் எங்கள் காட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் எண்கள் தனியாகத்தான் நடமாடும். மோட்டார் எவ்வளவு என்று கேட்டால் அஞ்சு என்பார்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்றால் நாலு. பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் வெறும் எண்ணைத்தான் கத்துவார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அதனால் இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. சங்கடம் என்னவென்றால், நம் ஊரைச் சேராத ஒருவன் கையில் வெறும் எண்ணோடு வந்து நின்றாலும் நம்மவர்கள் அதே பழக்கத்தில் தலையாட்டி விடுகிறார்கள்.

பொன்செல்வி பிறந்தது இளையரசனேந்தல் பக்கம், வானம் பார்த்த பூமி. அவள் அப்பா உளுந்து விதைப்பார், மழை ஏமாற்றினால் அதே உளுந்துக்காட்டில் ஆட்டை விட்டு மேய்ப்பார். இங்கே வாக்கப்பட்டு வந்தவள் எங்கள் காட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டா பருத்தி போடுதிய?" என்று என் தம்பியைக் கேட்டாள். அவன் அப்போது வருஷம் தவறாமல் பருத்தி போட்டுப் புழுவுக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தான். அவள்தான் அடம்பிடித்து அந்த ஒரு ஏக்கரில் பிச்சிப்பூ வைத்தாள். இடுப்பில் பிள்ளையோடு குழி எடுத்தாள், பதியன் தேடி ராயகிரி வரைக்கும் பஸ் ஏறினாள். முதல் கோடையில் குடத்தைத் தூக்கிச் செடி செடியாகத் தண்ணீர் ஊற்றினாள். பட்டா முத்துமணி பெயரில் இருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டம் அவளுடையது என்று எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூக்காட்டுக்குள் செருப்புப் போட மாட்டாள். கோமதி அம்மனுக்குப் போகிற பூவைச் செருப்புக் காலோடு நின்று பறிக்கக் கூடாது என்பாள். "எல்லாப் பூவுமா அம்மனுக்குப் போவுது? பாதி கல்யாண வீட்டுக்குல்லா போவுது" என்று நான் கிண்டல் செய்தால், "எந்தப் பூ எங்கன போவும்னு செடிக்குத் தெரியுமா மயினி" என்று கேட்பாள். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்குவாள். கூலிக்கு வருகிற பெண்களை அப்படி இருக்கச் சொல்ல மாட்டாள். அவர்கள் ரப்பர் செருப்போடுதான் நிற்பார்கள்.

போன வருஷம் அந்தக் காட்டுக்கு மேலே ஒரு காற்றாலைக் கம்பெனி உயர் அழுத்த மின்கம்பி இழுத்தது. நானூறு கிலோவோல்ட். கோபுரம் மாதிரி இரண்டு டவர், பக்கத்துக்காட்டில் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று. கம்பி மிகவும் தாழ்ந்து வரும் நடு இடம் சரியாகப் பொன்செல்வியின் பிச்சிச் செடிகளுக்கு மேலே. தை மாதம் கம்பியில் மின்சாரம் விட்டார்கள். வெயில் ஏற ஏறக் கம்பி சூடாகி இன்னும் கொஞ்சம் தொங்கும். பங்குனி பிறந்ததும் அவளுக்கு அடி விழ ஆரம்பித்தது.

தோட்டத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு இழுத்த கம்பி வேலி. விடியற்காலையில் பூப்பறிக்கப் போனவள் வேலியில் கைவைத்தபோது சுள்ளென்று ஒரு அடி. விரல் நுனியில் ஊசி ஏற்றிய மாதிரி. கை தானாகவே உதறிக்கொண்டது, இடுப்பிலிருந்த கூடை கொட்டிப் போனது. தகரக் கொட்டகையின் கதவைத் தொட்டாலும் அதே அடி. அவள் முத்துமணியிடம் சொன்னாள். அவன் வந்து வேலியைத் தொட்டான், ஒன்றும் இல்லை. கூலிக்கு வந்த பெண்களும் தொட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு போன் போட்டதில் இரண்டு பேர் பூட்ஸ் காலோடு வந்தார்கள். புறங்கையால் தொட்டார்கள், உள்ளங்கையால் தொட்டார்கள், பிடித்து உலுக்கியும் பார்த்தார்கள். "பயப்படுதாங்க போல, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துப் போனார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தவளும் பொன்செல்விதான்.

வரப்பில் செருப்போடு நிற்கும்போது அடிக்கவில்லை, உள்ளே வெறுங்காலோடு நிற்கும்போதுதான் அடிக்கிறது என்பதை அவளே கவனித்தாள். அதையும் ஒளிக்காமல் வீட்டில் சொன்னாள். அந்த உண்மையே அவளுக்கு வினையாகப் போனது. என் அம்மா பிச்சம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிணற்றில் எப்போதோ ஒருத்தி விழுந்து செத்தாளாம். அவள் மண்ணுக்குள்ளிருந்து வெறுங்காலைப் பிடிக்கிறாளாம், செருப்பு இருந்தால் அவளால் பிடிக்க முடியாதாம். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அவன் உடுக்கை அடித்து, திருநீறு போட்டு, பொன்செல்வியின் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, பூக்காட்டுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினான்.

மின்சாரத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. செருப்பு போட்டால் இல்லை, கழற்றினால் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் சொன்னது ஒரு பெண், அதுவும் வீட்டு மருமகள். அதனால் அது பேயாகிப் போனது.

எனக்கு எதுவும் தெரியாது. டீச்சருக்குத் தெரிந்தால் கத்துவாள் என்று மறைத்திருக்கிறார்கள். நான் இருப்பது ஊருக்குள், அவர்கள் இருப்பது புளியங்குடி ரோட்டில் ஊரை விட்டுத் தள்ளி. பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டு வேலை என்று நான் அந்தப் பக்கம் போய் நாளாகியிருந்தது. கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசு திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு, பூவுக்குக் கிராக்கி உச்சத்தில் இருக்கிற நேரத்தில், பூ வாங்கலாம் என்று போனேன். வருஷா வருஷம் அந்த நாட்களில் நின்று பேச நேரமில்லாமல் ஓடுகிறவள், வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, காட்டுக்குப் போகல?"

"இல்ல மயினி. போகக் கூடாதுன்னுட்டாவ."

கையில் கயிறு இருந்தது. நான் பிடித்துப் பார்க்க, அவள் மெதுவாக இழுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். தோட்டத்தை வேறு ஒருவருக்கு வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட முத்துமணி பேசி முடித்துவிட்டான், ஆவணியில் ஒப்படைப்பதாக ஏற்பாடு. இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அடி விழுந்ததைச் சொன்னபோதோ, கோடாங்கி முகத்தில் திருநீற்றை வீசியதைச் சொன்னபோதோ அழாதவள், பதியன் வைத்த தோட்டம் கைமாறப் போகிறது என்று சொல்லும்போது அழுதாள்.

அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். வேலியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"செருப்பக் கழத்திட்டுத் தொடுங்க மயினி."

கழற்றினேன். காலடியில் முந்தின நாள் பாய்ச்சிய ஈரம் சில்லென்று இருந்தது. விரலை நீட்டினேன், கம்பியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே பொறி பறந்தது. தோள்பட்டை வரைக்கும் குலுங்கியது. வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பொன்செல்வி முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது. நாலு மாதமாகத் தனியாகச் சுமந்ததை இன்னொருவர் ஒரு நிமிஷம் வாங்கிக்கொண்டால் வருமே, அந்த ஆறுதல்.

அன்று சாயங்காலம் முத்துமணியைப் பிடித்தேன். அவன் மெதுவான ஆள், மோசமானவன் இல்லை. யார் சட்டையை இன் செய்துகொண்டு பேசினாலும் நம்பிவிடுவான்.

"யக்கா, நான் சும்மா விடல. கம்பெனி இன்ஜினியரு லிங்கேஷ் சாரே வந்தாரு. மெஷின் வச்சுப் பாத்தாரு. எண்பதுதான் இருக்கு. ஐயாயிரம் வரைக்கும் இருக்கலாமாம்."

"எண்பது என்னது?"

"எண்பதுதான்க்கா. வோல்ட்டு."

"எண்பது வோல்ட் எவ்வளவு தூரத்துக்கு?"

அவன் விழித்தான். என் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்களின் அதே விழிப்பு. கம்பிக்குக் கீழே காற்றில் இருக்கிற மின்புலத்தை வெறும் வோல்ட்டில் சொல்ல முடியாது. இத்தனை தூரத்துக்கு இத்தனை வோல்ட் என்றுதான் சொல்ல வேண்டும். தூரம் என்ன என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. எண்பது என்று கேட்டதும் குடும்பமே நிம்மதியாகித் தூங்கியிருக்கிறது.

நல்லவேளை, பெரிய விஷயம் நடக்கிறது என்று முத்துமணி மீட்டரை போனில் படம் பிடித்து வைத்திருந்தான். முள் வைத்த பழைய கருவி, எங்கோ வாடகைக்கு எடுத்ததாம். முள் எண்பதில் நின்றது. படத்தைப் பெரிதாக்கினேன். டயலின் அடியில், பாதி அழிந்த எழுத்தில், வோல்ட், ஒரு சாய்கோடு, அதற்கு அப்பால் சென்டிமீட்டர்.

சென்டிமீட்டருக்கு எண்பது வோல்ட். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். எண்பதை நூறால் பெருக்கினால் எட்டாயிரம். லிங்கேஷ் சொன்ன ஐயாயிரம், பொதுமக்கள் நடமாடும் இடத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, அது மீட்டருக்கு. எட்டாயிரத்தை எண்பது ஆக்கி ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, எவ்வளவு குறைவு பாருங்கள் என்று காட்டியிருக்கிறான். தெரியாமல் செய்திருந்தால் அவனுக்குப் பட்டம் கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும். தெரிந்தே செய்திருந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் லிங்கேஷுக்கு போன் செய்தேன். மரியாதையான குரல். "மேடம், அது ஸ்டாண்டர்ட் கருவி மேடம்" என்றான். சென்டிமீட்டரை மீட்டராக மாற்றினீர்களா என்று கேட்டேன். "ரீடிங் ரீடிங்தானே மேடம்" என்றான். பிளஸ் டூ பையன் இப்படி எழுதியிருந்தால் அரை மார்க்கோடு போயிருக்கும். இவன் எழுதியதற்குப் பொன்செல்வி நாலு மாதம் கொடுத்திருக்கிறாள்.

தாலுகா ஆபீசுக்கு மனு கொடுத்தேன். விடாமல் போய் நின்றதில், ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகவும், அப்போது கம்பெனி புதிய கருவியோடு வர வேண்டும் என்றும் முடிவானது. முத்துமணியிடம் அதுவரை தோட்டத்தைக் கைமாற்றக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவன், "அவங்க மறுபடி ஒண்ணும் இல்லன்னுட்டா நான் பேச்சு மாற மாட்டேன்க்கா, வாக்குக் குடுத்தாச்சு" என்றான்.

இதற்கிடையில் இன்னொரு விஷயம். வேலியில் அடிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஈரமான இடத்தில் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக இறக்கி, வேலியை அதோடு இணைத்துவிட்டால் போதும், மேல்கம்பி தொடாமலே வேலியில் ஏறுகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். மேலே தொங்குகிற கம்பியின் பிரச்சினை தீராது, ஆனால் தொட்டால் அடிக்காது. நானே இரும்புக்கடையில் வாங்கி அன்றே செய்திருப்பேன். பொன்செல்வியிடம் கேட்டேன்.

"செஞ்சிட்டா, அவங்க வந்து தொட்டா அடிக்குமா?"

"அடிக்காது."

"அப்ப இருக்கட்டும் மயினி. அவங்க வந்து பாக்க வரைக்கும் இருக்கட்டும். நான் தாங்கிக்கிடுதேன்."

அவள் மறுபடியும் விடியற்காலையில் பூக்காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். கயிற்றோடு, வெறுங்காலோடு. என் அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினார்.

அவர்கள் வந்த நாள் நல்ல வெயில். அதிகாரி ஒருவர், நடுத்தர வயது, பேச்சு குறைவு. லிங்கேஷ் வெள்ளைத் தலைக்கவசமும் பளபளக்கிற பூட்ஸுமாக, கூட இரண்டு ஆட்கள். புதிய கருவி, சின்னத் திரையில் எண் ஓடுகிற வகை. அதை ஒரு கம்பில் பொருத்தி, கம்பிக்கு நேர் கீழே செடிகளுக்கு நடுவில் நிறுத்தி, எல்லாரும் விலகி நின்றோம். திரையில் எண் நின்றது.

"எட்டு புள்ளி ஒண்ணு சார்" என்றான் லிங்கேஷ். "போன தடவை எண்பது இருந்தது. இப்ப எட்டு. நல்லாவே கொறஞ்சிருக்கு."

முத்துமணி என் காதருகே வந்து, "எட்டுதானாம்க்கா" என்றான். சந்தோஷமாகச் சொன்னான். அந்த இடத்திலேயே அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது.

"எட்டு என்ன?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்கிற சத்தத்தில்.

லிங்கேஷ் திரையைப் பார்த்தான். "கிலோவோல்ட் பெர் மீட்டர் மேடம்."

"அப்ப மீட்டருக்கு எத்தனை வோல்ட்?"

நான் அதிகாரியின் பக்கம் திரும்பிச் சொன்னேன்: சார், பூவை முழத்திலும் விற்கிறோம், பந்திலும் விற்கிறோம். முழம் இருபது என்று சொன்ன பூவை, ஒரு பந்தே இருபதுதான் என்று யாராவது தூக்கிக்கொண்டு போனால் பூக்காரி விடுவாளா. அன்றைக்கு இவர் அளந்தது சென்டிமீட்டருக்கு எண்பது. மீட்டர் கணக்கில் எட்டாயிரம். இன்றைக்கு அளந்தது மீட்டருக்கு எட்டு கிலோவோல்ட் சொச்சம். அதுவும் எட்டாயிரத்து நூறு. எதுவும் குறையவில்லை, வெயிலுக்குக் கம்பி தொங்கி ஒரு நூறு கூடியிருக்கிறது. வரம்பு ஐயாயிரம். எங்கள் காலேஜ் நூலகத்தில் இருந்த பழைய புத்தகங்களில் ஸ்டாட்வோல்ட் என்று ஓர் அலகு உண்டு. சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்டாட்வோல்ட் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் வோல்ட். அந்தக் கணக்கில் இதே இடத்தை அளந்தால் புள்ளி இரண்டு ஏழு என்று வரும். அன்றைக்கு இவரிடம் அந்தக் கருவி இருந்திருந்தால், ஒன்றுகூட இல்லை, கால் சொச்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவள் கையில் விழுந்த அடி எல்லாக் கணக்கிலும் ஒன்றுதான் சார்.

சொல்லி முடித்தேன். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். லிங்கேஷ் தலைக்கவசத்தைச் சரி செய்துகொண்டு, அதே மரியாதையான குரலில், "மேடம் சொல்றது கணக்கு சார். நடைமுறையில பாதிப்பு இருக்கான்னுதானே பாக்கணும். நான் தொடுறேன், பாருங்க" என்று வேலிக் கம்பியைப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. கையை விரித்துக் காட்டினான்.

அதுவரை செடி ஓரத்தில் நின்ற பொன்செல்வி முன்னால் வந்தாள்.

"ஷூவக் கழத்திட்டுத் தொடுங்க சார்."

லிங்கேஷ் தன் பூட்ஸைப் பார்த்தான். கால்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"சைட்ல ஷூ கழட்டக் கூடாதும்மா" என்றான். "சேஃப்டி ரூல்."

அதிகாரி நிமிர்ந்தார். "எதுக்காக அந்த ரூல்?" என்று கேட்டார்.

லிங்கேஷ் கருவியின் திரையைத் துடைத்தான். எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருந்தது. உன் காலுக்கு ஆபத்தான மண் அவள் காலுக்கு மட்டும் பயமா என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் முத்துமணி செருப்பை உதறினான். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் செய்தான். ஈர மண்ணில் இறங்கி, போய், வேலியைத் தொட்டான்.

பொறி எனக்கே தெரிந்தது. "எம்மா" என்று கத்திக்கொண்டு கையை உதறி இரண்டடி பின்வாங்கினான். தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மறுபடியும் போய்த் தொட்டான், மறுபடியும் உதறினான். மூன்றாவது முறை போகப் பார்த்தவனை அதிகாரி, "போதும்ப்பா" என்று தடுத்தார்.

வேலியையும் கொட்டகையையும் அங்கேயே, அப்போதே மண்ணோடு இணைக்க வேண்டும் என்றார் அதிகாரி. மேல்கம்பியை உயர்த்திக் கட்டி, வரம்புக்குள் வந்ததை அளந்து, அலகோடு எழுதித் தர வேண்டும் என்றார். 'அலகோடு' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். கம்பெனி ஆட்கள் ஜீப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இறக்கினார்கள், சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள், வேலியோடு இணைத்தார்கள். தேநீர் போட்டுக் குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ஜீப்பிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். இத்தனை மாதம் ஒருத்தியைப் பேய் பிடித்தவள் என்று கோடாங்கி வரைக்கும் இழுத்தார்களே, அதற்கான பதில் அந்த ஜீப்பில் கிடந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. லிங்கேஷ் போகும்போது என்னிடம் 'வரேன் மேடம்' என்றான். பொன்செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேல்கம்பியை ஐப்பசியில்தான் உயர்த்தினார்கள்.

எல்லாரும் போன பிறகு முத்துமணி தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தான். தோட்டத்தை யாருக்கும் விடவில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். பிறகு கயிறு கட்டிய அவள் கையைத் தொட வந்தான்.

"குடு, அவுத்து விடுதேன். இப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாதுட்டி."

அவள் கையைக் கொடுக்கவில்லை.

"நீங்க தொட்ட பொறவுதான் எனக்கு வலிச்சிருக்கு, இல்லியா?"

சத்தமாகச் சொல்லவில்லை. உப்பு கூடிப் போச்சு என்று என்னிடம் சொன்ன அதே குரல்தான். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியாமல், கிணற்றுப் பக்கம் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்திருந்தாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மடை திருப்பப் போனாள்.